கடற்கரை மணலை எண்ணியவர்கள்

மகனைப் பலியிடப் போய், கை தடுக்கப்பட்டு நின்ற மலையில் ஆபிரகாமுக்கு ஒரு வாக்கு கிடைக்கிறது. அவருடைய சந்ததி வானத்து நட்சத்திரங்களைப் போலவும் கடற்கரை மணலைப் போலவும் பெருகும் என்று. ஞாயிறு பள்ளிக்குப் போன யாருக்கும் இது மனப்பாடம். அந்த மணல் அதற்குப் பிறகு எங்கெல்லாம் கொட்டிக் கிடக்கிறது என்பதைத்தான் நாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. மேரோம் ஏரியருகே இஸ்ரவேலை எதிர்க்கத் திரண்ட கானானிய ராஜாக்களின் படை கடற்கரை மணல். பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு கிடந்த மீதியானியரின் ஒட்டகங்கள் கடற்கரை மணல். மிக்மாசில் பாளயமிறங்கிய பெலிஸ்தர் கடற்கரை மணல். சாலொமோன் காலத்தில் உண்டு குடித்து மகிழ்ந்திருந்த யூதாவும் இஸ்ரவேலும் கடற்கரை மணல். ஆபகூக்கின் புத்தகத்தில் கல்தேயர் வாரிக்கொண்டு போகும் கைதிகள் மணல். கடைசியில், வெளிப்படுத்தின விசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில் பூமியின் நாலு திசையிலிருந்தும் கிளம்பி வரும் கோகு, மாகோகு கூட்டமும் அதே மணல்தான்.

வாக்குத்தத்தத்துக்கும் படையெடுப்புக்கும் ஒரே உவமை. வேறு உவமை கிடைக்காமல் எழுதியவர்கள் அல்ல இவர்கள். உவமைக்குப் பஞ்சமில்லாத மொழி எபிரெயம். ஆகவே பைபிளில் பெருங்கூட்டத்துக்கும் படைக்கும் என்ன பொருள் என்று கேட்டால், கூட்டம் ஆசீர்வாதம், படை தண்டனை என்று பிரித்துச் சொல்லும் வழக்கமான பதில் இரண்டு அதிகாரம்கூடத் தாங்காது. எனக்குத் தோன்றுவது இது: இந்த நூல்களில் கூட்டத்தின் அளவு தானாக ஒன்றும் சொல்வதில்லை. அதை எண்ணுகிறவர் யார், எதற்காக எண்ணுகிறார் என்று பார்க்கும்போதுதான் பொருள் பிடிபடுகிறது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். எபிரெயத்தில் பெருங்கூட்டத்தைக் குறிக்கும் முக்கியமான சொல் 'ஹாமோன்'. நம் மொழிபெயர்ப்புகளில் அது 'திரள்' ஆகிவிட்டது. திரள் என்றால் கண்ணுக்குத் தெரிவது. ஹாமோன் முதலில் காதில் விழுவது. இரைச்சல், ஆரவாரம், கொந்தளிப்பு. எலியா கர்மேல் மலையில் கேட்ட பெருமழையின் இரைச்சலுக்கு அதே சொல். கடல்போல் கொந்தளிக்கும் ஜாதிகளைப் பற்றி ஏசாயா 17இல் பேசும்போதும் அதே சொல். ஆபிராம் ஆபிரகாமாகப் பெயர் மாறியபோது 'திரளான ஜாதிகளுக்குத் தகப்பன்' என்று விளக்கம் தரப்படுகிறதே, அங்கும் ஹாமோன்தான். எசேக்கியேல் 39இல் கோகின் படைப் பிணங்கள் புதைக்கப்படும் பள்ளத்தாக்குக்கு வைக்கப்படும் பெயரிலும் ஹாமோன். முற்பிதாவின் பெயருக்குத் தந்த விளக்கமும் எதிரியின் இடுகாடும் ஒரே சொல்லைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இனி எண்கள். எகிப்திலிருந்து புறப்பட்டவர்கள் பிள்ளைகள் நீங்கலாக சுமார் 6 லட்சம் புருஷர் என்கிறது யாத்திராகமம். எண்ணாகமத்தின் முதல் கணக்கில் 6,03,550. பாலைவனத்தில் ஒரு தலைமுறை மடிந்தபின் எடுத்த இரண்டாம் கணக்கில் 6,01,730. பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்தால் இருபது லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு பேர் சினாய்ப் பாலைவனத்தில் எப்படித் தண்ணீர் குடித்தார்கள் என்ற கேள்வி பழையது. அகழ்வாய்வாளர் பிளிண்டர்ஸ் பீட்ரி 1906இல் ஒரு வழி சொன்னார். 'எலெஃப்' என்ற சொல்லுக்கு ஆயிரம் என்றும் பொருள், குடும்பக்குழு என்றும் பொருள். ரூபன் கோத்திரத்தின் 46,500 என்பதை 46 குழுக்கள், 500 பேர் என்று படித்தால் எல்லாம் கூடி 598 குழுக்கள், 5,550 பேர் என்று வரும். கெட்டிக்காரத்தனமான தீர்வு. ஆனால் யாத்திராகமம் 38இல் தலைக்கு அரைச் சேக்கல் வீதம் வசூலான வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல் என்று எழுதியிருக்கிறது. ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல்; பெருக்கிப் பாருங்கள், 6,03,550 பேருக்கு ஒரு சேக்கல் கூடாமல் குறையாமல் சரியாக வரும். எழுதியவர் ஆயிரத்தை ஆயிரமாகவேதான் எண்ணியிருக்கிறார். வரலாற்றுக் கணக்காக அதை நம்பமுடியாமல் போகலாம். சொல்லைத் திருப்பிப் போட்டு அவரைத் திருத்துவது நம் வேலையல்ல.

எண்ணுவதே ஆபத்தான காரியம் என்று தாவீதின் கதை சொல்கிறது. ஜனத்தை எண்ணும்படி தாவீது கட்டளையிட, தளபதி யோவாப் முணுமுணுத்துக்கொண்டே போய், 9 மாதமும் 20 நாளும் தேசமெல்லாம் சுற்றி, பட்டயம் உருவத்தக்கவர்களின் தொகையைக் கொண்டுவந்து கொடுக்கிறான். இஸ்ரவேலில் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம். நாளாகமத்தில் இதே கணக்கு 11 லட்சம், 4 லட்சத்து 70 ஆயிரம். தாவீதைத் தூண்டியது யார் என்பதிலும் வேறுபாடு: சாமுவேலின் புத்தகத்தில் கர்த்தருடைய கோபம், நாளாகமத்தில் சாத்தான். விளைவில் மட்டும் வேறுபாடில்லை. கொள்ளைநோயில் 70 ஆயிரம் பேர் சாகிறார்கள். மோசே எண்ணியபோது குற்றமில்லை, தாவீது எண்ணியபோது ஏன் குற்றம்? உரையாசிரியர்கள் பலவிதமாக விளக்கியிருக்கிறார்கள். எனக்கு யோவாபின் முணுமுணுப்பே போதும். ஜனங்கள் எத்தனை மடங்கானாலும் பெருகட்டும், ராஜாவுக்கு அது எதற்கு என்று அவன் கேட்கிறான். தளபதிக்கே தேவைப்படாத கணக்கு ராஜாவுக்குத் தேவைப்படுகிறது. நோய் நின்ற இடம் எபூசியனான அரவுனாவின் போரடிக்கும் களம். பிற்பாடு ஆலயம் எழுந்தது அந்தக் களத்தில்தான். களத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

படையெடுத்து வரும் கூட்டம் என்றதும் இஸ்ரவேலை நோக்கி வரும் அந்நியர் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். பைபிளில் முதலில் பயமுறுத்தும் கூட்டம் இஸ்ரவேலர்தான். யாத்திராகமத்தின் தொடக்கத்தில் எபிரெயர் பெருகியதைச் சொல்லும் வினைகளில் ஒன்று, தண்ணீரில் நீந்துவன மொய்ப்பதற்கும் பிறகு எகிப்தில் தவளைகள் மொய்ப்பதற்கும் வருகிற அதே வினை. பார்வோனின் கண்ணுக்கு அவர்கள் அப்படித்தான் தெரிந்தார்கள். எண்ணாகமம் 22இல் மோவாபியர், மாடு வெளியின் புல்லை நக்கிப்போடுவது போல இந்தக் கூட்டம் எங்களைச் சுற்றியுள்ளதையெல்லாம் நக்கிப்போடும் என்று நடுங்குகிறார்கள். எரிகோவில் ராகாப், உங்களைப் பற்றிக் கேட்டதும் எங்கள் இருதயம் கரைந்துபோயிற்று என்று வேவுகாரரிடம் ஒப்புக்கொள்கிறாள். தன் முன்னோரை மதிலுக்கு உள்ளேயிருந்து பார்த்தவர்களின் பயத்தை அழிக்காமல் விட்டுவைத்தது இந்த நூலின் ஒரு பெருந்தன்மை என்று எனக்குப் படும்.

கிதியோன் கதையைச் சுருக்கமாகத் தாண்டலாம், ஏனென்றால் அது அளவுக்கு மீறிப் பிரசங்கிக்கப்பட்டுவிட்டது. மீதியானியரை எதிர்க்க அவனோடு திரண்ட 32 ஆயிரம் பேர் 10 ஆயிரமாகி, 10 ஆயிரம் 300 ஆனது. தண்ணீரை நக்கிக் குடித்தவர்கள் விழிப்பானவர்கள் என்றெல்லாம் சொல்வார்கள். அப்படி ஒரு காரணம் மூலத்தில் கிடையாது. ஜனம் மிகுதி, தன் கையே தன்னை இரட்சித்தது என்று வீம்பு பேசும் என்பது மட்டுமே அங்கே இருக்கும் காரணம். நான் கவனிப்பது வேறு. முந்நூறு பேர் கையில் எக்காளமும் பானைக்குள் தீவட்டியும். நள்ளிரவில் பானைகள் உடைகின்றன, எக்காளங்கள் முழங்குகின்றன. சிறு கூட்டம் சத்தத்தால் பெரும்படையாகிவிடுகிறது. மீதியானியர் இருட்டில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். விழுந்தவர்கள் 1 லட்சத்து 20 ஆயிரம் என்று அடுத்த அதிகாரம் கணக்குக் கொடுக்கிறது. இந்த எண்ணையும் மறக்கவேண்டாம்.

கதைகளிலிருந்து, கல்லிலும் களிமண்ணிலும் சாட்சி உள்ள ஒரு படைக்கு வருவோம். கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப், எசேக்கியா ராஜா ஆண்ட யூதாவுக்குள் நுழைந்தான். அவனுடைய கணக்கு அறுபட்டைக் களிமண் தூண் ஒன்றில் ஆப்பெழுத்தில் இருக்கிறது. 1830இல் கிடைத்தது; பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் டெய்லர் பட்டகம் என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. அதில் சனகெரிப் சொல்கிறான்: எசேக்கியாவின் அரணான பட்டணங்கள் 46ஐப் பிடித்தேன், ஆண், பெண், சிறியோர், பெரியோர் என 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்தேன், குதிரை, கோவேறு கழுதை, கழுதை, ஒட்டகம், மாடு, ஆடு எண்ணிக்கையில் அடங்காது, எல்லாவற்றையும் கொள்ளையாகக் கணக்கிட்டேன். எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவைபோல் அடைத்ததாகப் பெருமை பேசுகிறான். பட்டணத்தைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. கப்பமாகப் பெற்றது பொன் 30 தாலந்து, வெள்ளி 800 தாலந்து. பைபிளிலும் பொன் அதே 30 தாலந்துதான். வெள்ளி மட்டும் 300.

லாகீஸ் பட்டணம் விழுந்ததை நினிவேயில் தன் அரண்மனைச் சுவரில் அவன் செதுக்கி வைத்தான். மதிலை நோக்கி ஏறும் மண்சரிவின்மேல் இடிபொறிகள் நகர்கின்றன. மேலேயிருந்து யூதர்கள் எறியும் தீப்பந்தங்கள் அவற்றின் தோல்மூடியைப் பற்றாமலிருக்க, உள்ளே நிற்கும் ஒருவன் நீண்ட கரண்டியால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் மாட்டுவண்டி, மூட்டை முடிச்சுகள்மேல் பெண்கள், பிள்ளைகள். ராஜா சிங்காசனத்தில் வீற்றிருந்து கொள்ளையைப் பார்வையிடுகிறான். அவன் முகத்தைப் பிற்பாடு யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். அந்த மண்சரிவு இன்றும் இஸ்ரேலில் லாகீஸ் மேட்டில் இருக்கிறது. அதே அரண்மனையின் வேறு பலகைகளில் இரண்டு எழுத்தர்கள் அருகருகே நிற்பார்கள், ஒருவன் கையில் எழுதுபலகை, மற்றவன் கையில் சுருள். அவர்கள் காலடியில் வெட்டுண்ட தலைகளின் குவியல். எண்ணுகிறார்கள்.

இந்தப் படை எப்படித் தெரிந்தது என்று ஏசாயா சொல்லும்போது தண்ணீரைத் துணைக்கழைக்கிறார். மெதுவாக ஓடும் சீலோவாவின் நீரை வேண்டாமென்றவர்கள்மேல் ஐபிராத்து நதி கரைபுரண்டு வந்து கழுத்துமட்டும் நிற்கும். பிறகு, பத்தாம் அதிகாரத்தில், யாரும் எதிர்பாராத இன்னொன்றைச் சொல்கிறார்: அசீரியன் கர்த்தருடைய கோபத்தின் கோல். கோடரி தன்னைப் பிடித்து வெட்டுகிறவனுக்கு முன் மேன்மை பாராட்டலாமா என்று கேட்கிறார். உலகத்தின் மிகப் பெரிய படையை ஒரு கைக்கருவியாக்கிக் குறுக்கிவிடும் துணிச்சல் இது. ஆறுதலாகவும் இருக்கும், அச்சமாகவும் இருக்கும். லாகீசின் மாட்டுவண்டிமேல் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போய், இது கோல்தான் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்? தீர்க்கதரிசி அதைச் சொல்லவில்லை. நானும் அந்த இடத்தைப் பூசி மெழுகமாட்டேன்.

எருசலேம் மதிலடியில் நடந்த ஒரு காட்சி எனக்கு மிகப் பிடிக்கும். அசீரிய அதிகாரி ரப்சாக்கே வாய்க்காலருகே நின்று உரக்கப் பேசுகிறான். எசேக்கியாவின் அதிகாரிகள், அரமேய மொழியில் பேசும், எங்களுக்குப் புரியும். மதில்மேல் இருக்கிற ஜனங்கள் கேட்க யூத மொழியில் பேசவேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள். அவன் இன்னும் சத்தத்தைக் கூட்டி யூத மொழியிலேயே பேசுகிறான். 2,000 குதிரை நான் தருகிறேன், ஏறுவதற்கு உங்களிடம் ஆள் இருக்கிறதா என்று எகத்தாளம் செய்கிறான். மதில்மேல் இருந்த கூட்டம் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. இரைச்சல் என்ற பெயர்கொண்ட கூட்டம் வாய் திறக்காமல் நின்ற அபூர்வமான இடம் அது. பின்னர் ஓர் இரவில் 1 லட்சத்து 85 ஆயிரம் பேர் அசீரியரின் பாளயத்தில் மாண்டார்கள் என்கிறது ராஜாக்கள் புத்தகம். எகிப்தில் எலிகள் அந்தப் படையின் வில்நாண்களைக் கடித்துவிட்டன என்று கிரேக்கரான ஹெரோடோட்டஸ் ஒரு கதை எழுதிவைத்தார். கொள்ளைநோயாக இருக்கலாம் என்று சிலர் இரண்டையும் முடிச்சுப்போடுகிறார்கள். உறுதியாகத் தெரிவது, சனகெரிப் எருசலேமைப் பிடிக்காமலே ஊர் திரும்பினான், கி.மு. 681இல் சொந்த மகன்களின் கையால் செத்தான் என்பதுதான்.

இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தியதாகச் சொல்லப்படும் சமாரியா முற்றுகை இன்னொரு விதம். பஞ்சம் முற்றி, கழுதைத் தலை ஒன்று 80 வெள்ளிக்காசுக்கு விற்கிறது. ஊர் வாசலில் நாலு குஷ்டரோகிகள். உள்ளே போனாலும் சாவு, இங்கே இருந்தாலும் சாவு, சீரியரின் பாளயத்துக்குப் போவோம் என்று அந்தி நேரத்தில் நடக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பாளயத்தில் ஒருவரும் இல்லை. குதிரைகள் கட்டினபடி, கூடாரங்கள் இருந்தபடி. ரதங்களும் குதிரைகளும் பெரும்படையும் வரும் சத்தம் சீரியரின் காதில் விழுந்து, ஏத்தியரும் எகிப்தியரும் கூலிக்கு வந்துவிட்டார்கள் என்று ஓடிப்போயிருக்கிறார்கள். அப்படி ஒரு படை எங்கும் இல்லை, வெறும் சத்தம். குஷ்டரோகிகள் ஒரு கூடாரத்தில் புகுந்து சாப்பிட்டு, வெள்ளியை ஒளித்துவைத்து, இன்னொரு கூடாரத்தில் புகுந்து, பிறகுதான் மனசாட்சி உறுத்தி ஊருக்குச் சொல்லப் போகிறார்கள். மறுநாள் கோதுமை மாவு மலிவாக விற்கிறது. வாசலைக் காக்க நிறுத்தப்பட்ட அதிகாரியை ஜனக்கூட்டம் நெரித்து மிதித்துக் கொன்றுவிடுகிறது. இல்லாத படை ஒரு பாளயத்தையே காலி செய்தது. பசித்த ஜனம் ஒரு மனிதனைக் கொன்றது. கதை இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுகிறது.

யோவேலிடம் வரும்போது படைக்கும் பூச்சிக்கும் நடுவிலிருந்த வேலி விழுந்துவிடுகிறது. அவர் நாலு பெயர் சொல்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பில் பச்சைப்புழு, வெட்டுக்கிளி, பச்சைக்கிளி, முசுக்கட்டைப்பூச்சி. சிறுவயதில் நான் அந்தப் பச்சைக்கிளியைக் கொய்யா மரத்துக் கிளி என்றே நினைத்திருந்தேன். நாலும் ஒரே பூச்சியின் வளர்ச்சிப் படிகளா, நாலு வகையா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. தமிழில் பெயர் தேடிய மொழிபெயர்ப்பாளர்களின் திண்டாட்டத்தைப் புரிந்துகொள்ளலாம். பாலைவன வெட்டுக்கிளி ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 4 முதல் 8 கோடி வரை இருக்கும், ஒரு நாளைக்கு 35 ஆயிரம் பேர் உண்ணும் அளவு தின்னும் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்கு. 1915இல் பாலஸ்தீனத்தை இவை மொட்டையடித்தபோது எருசலேமின் அமெரிக்கன் காலனியைச் சேர்ந்தவர்கள் அதைப் படமெடுத்தார்கள். இலை மூடிய அத்திமரம் ஒரு படத்தில். அதே மரம் வெறும் விறகாக அடுத்த படத்தில். பட்டைகூட வெள்ளையாக உரிந்திருக்கும். அத்திமரத்தின் பட்டை உரிந்து கிளைகள் வெளுத்ததை யோவேல் அப்படியே சொல்லியிருக்கிறார்.

அவருடைய இரண்டாம் அதிகாரத்தில் பூச்சிகள் குதிரைகளைப்போல் ஓடுகின்றன, ரதங்களின் இரைச்சலோடு மலையுச்சிகளில் குதிக்கின்றன, ஒன்றையொன்று நெருக்காமல் அணிவகுக்கின்றன, பலகணி வழியாகத் திருடனைப்போல் நுழைகின்றன. வெட்டுக்கிளியைப் படை என்கிறாரா, படையை வெட்டுக்கிளி என்கிறாரா என்று கேட்டு நூல்கள் எழுதியிருக்கிறார்கள். பூச்சியைப் படைவீரரோடு ஒப்பிட்டிருப்பதால் அது பூச்சியாகத்தான் இருக்கவேண்டும், தன்னையே தனக்கு உவமையாக யாரும் சொல்வதில்லை என்ற வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. எப்படியானாலும், என் பெரிய சேனை, நான் அனுப்பியது என்று கர்த்தர் உரிமை கொண்டாடுகிறார், அதன்பின் அது தின்ற வருஷங்களின் விளைச்சலைத் திருப்பித் தருவதாகவும் வாக்களிக்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் ஜாதிகள் யோசபாத்தின் பள்ளத்தாக்கில் கூட்டப்படுகிறார்கள். ஹாமோன் அங்கே இரட்டித்து வருகிறது, திரள் திரளாக. அந்தப் பள்ளத்தாக்கின் மறுபெயரில் உள்ள 'ஹாருஸ்' என்ற சொல்லுக்குத் தீர்ப்பு என்றும் பொருள், கதிரடிக்கும் கூர்ப்பற்கள் கொண்ட கருவிக்கும் அதுவே பெயர். முந்தின வசனத்தில் அரிவாள் நீட்டப்பட்டுவிட்டது, பயிர் முற்றிவிட்டது. எபிரெயம் தெரியாத மற்றவர்களுக்கு இந்தச் சிலேடையை நீட்டி விளக்கவேண்டியிருக்கும். தமிழனுக்கு வேண்டாம். நெல்லடிப்பதும் களம், படை பொருதுவதும் களம். வைக்கோலைக் குவித்தாலும் போர், வாளெடுத்தாலும் போர். களவழி பாடிய நம் புலவர்கள் இந்த ஒப்புமையிலேயே ஒரு துறை கண்டவர்கள்.

எரேமியா வடக்கிலிருந்து கவிழும் கொதிபானையைக் கண்டார். பாபிலோன் இருப்பது கிழக்கில். நடுவில் பாலைவனம் என்பதால் படைகள் ஐபிராத்து நதியோடு மேலேறி, ஆமாத் வழியாக வடக்கிலிருந்துதான் இறங்கமுடியும். ஆகவே யூதாவின் மொழியில் வடக்கு என்றாலே ஆபத்து. அந்தப் படை வந்தபோது அதைப் பார்த்தவர்களின் எழுத்தும் நமக்குக் கிடைத்திருக்கிறது. லாகீசின் வாசலறைச் சாம்பலுக்குள் 1935இல் அகழ்வாய்வாளர் ஸ்டார்க்கி கண்டெடுத்த பானை ஓடுகளில் ஒன்றில், எங்கோ ஒரு காவல்நிலையில் இருந்தவர் மேலதிகாரிக்கு எழுதுகிறார்: லாகீசின் தீயடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசேக்காவினுடையது தெரியவில்லை. அரணான பட்டணங்களில் லாகீசும் அசேக்காவும்தான் மிஞ்சியிருந்தன என்று எரேமியா 34 சொல்கிற அதே சமயம். ஓட்டில் படையைப் பற்றியோ எண்ணிக்கையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. கரிமையில் சில வரிகள். படையெடுப்பைப் பற்றி நான் படித்ததிலேயே குலைநடுங்க வைப்பது அதுதான்.

எசேக்கியேலின் கோகு இதற்கெல்லாம் வேறு இனம். அசீரியனுக்கும் கல்தேயனுக்கும் ஊர் உண்டு, வழி உண்டு. கோகு 'கடைசி நாட்களில்' மேகம்போல் தேசத்தை மூடவருகிறவன். அவன் படை விட்டுப்போன ஆயுதங்களை ஏழு வருஷம் விறகாக எரிப்பார்கள். பிணங்களைப் புதைக்க ஏழு மாதமாகும். இப்படி ஏழு ஏழாக அடுக்கும்போதே இது போர்ச்செய்தி இல்லை என்று தெரிந்துவிடுகிறது. என்றாலும் இந்தப் பெயரை ஆளாளுக்கு யார்மேலாவது ஒட்டாமல் விட்டதில்லை. முதல் நூற்றாண்டில் யோசேபஸ் மாகோகைச் சித்தியர் என்றார். நாலாம் நூற்றாண்டில் மிலான் நகர் ஆயர் அம்புரோஸ், கோகு என்பது கோத்தியரே என்று தீர்த்துச் சொன்னார். பிற்பாடு அகஸ்டின் அதை மறுத்து, இது ஏதோ எல்லைப்புறக் காட்டுமிராண்டி ஜாதியல்ல, உலகெங்கும் உள்ளது என்று எழுதினார். யாரும் கேட்கவில்லை. 1529இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபின், லூத்தர் எசேக்கியேலின் அந்த இரண்டு அதிகாரங்களைத் தனியே மொழிபெயர்த்து 1530இல் அச்சிட்டார். கோகு துருக்கியன் ஆனான். 1909இல் ஸ்கோஃபீல்டின் குறிப்புகளோடு வந்த பைபிளில் ரஷ்யா. 1970இல் ஹால் லிண்ட்ஸி எழுதி லட்சக்கணக்கில் விற்ற நூலிலும் ரஷ்யா. ரஷ்யா என்பதற்கு ஆதாரம், தலைமையைக் குறிக்கும் 'ரோஷ்' என்ற எபிரெயச் சொல்லை நாட்டின் பெயராகப் படித்தது. நம் பழைய தமிழ் பைபிளில் அது 'அதிபதி' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

குர்ஆனிலும் இவர்கள் உண்டு. யஃஜூஜ், மஃஜூஜ் என்று நம் ஊர் மதரஸாவில் படித்த பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர்கள். துல்கர்னைன் கட்டிய இரும்புச் சுவருக்கு அப்பால் அடைபட்டு, ஒருநாள் மேடுகளிலிருந்தெல்லாம் வழிந்து வரப்போகிறவர்கள். சுவர் என்ற அந்தக் கற்பனைதான் இடைக்கால ஐரோப்பாவையும் ஆட்டிவைத்தது. மங்கோலியர் வந்தபோது, சுவர் உடைந்துவிட்டது என்று அங்கே பேசிக்கொண்டார்கள்.

என் பதின்வயதில் எங்கள் ஊர் மைதானத்தில் பந்தல்போட்டு நடந்த கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு பிரசங்கியார் கரும்பலகையில் 20 என்று எழுதி ஏழு சுழியம் போட்டார். வெளிப்படுத்தின விசேஷம் 9இல் ஐபிராத்து நதிக்கு அப்பாலிருந்து கிளம்பும் குதிரைப்படையின் தொகை. இவ்வளவு பேரைத் திரட்ட எந்த தேசத்தால் முடியும் என்று கேட்டு, அவரே சீனா என்றார். முன்வரிசைப் பாட்டிகள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். யோவான் காலத்து வாசகருக்கு ஐபிராத்துக்கு அப்பால் என்றால் பார்த்தியர். கி.மு. 53இல் காரேயில் ரோமப் படையை நொறுக்கியவர்கள், கி.மு. 40இல் எருசலேமுக்குள்ளேயே வந்தவர்கள். ஓடுகிற குதிரையிலிருந்து பின்னோக்கி அம்பு விடுவதில் பேர்போனவர்கள். வாலிலும் சேதம் செய்யும் குதிரைகள் என்று யோவான் எழுதியதில் அந்த அனுபவத்தின் சாயல் இருக்கலாம். அந்தத் தொகையின் கிரேக்கமோ பதினாயிரத்தைப் பதினாயிரத்தால் பெருக்கி இரட்டிப்பது. கணக்குக்கு அடங்காதது என்பதற்கான கணக்கு. அதை ஒரு நாட்டின் மக்கள்தொகைப் பட்டியலில் தேடுவது தாவீது செய்த வேலையைத்தான் செய்கிறது.

சுவிசேஷங்களில் 'ஓக்லோஸ்' வருகிறது, ஊர் பேர் தெரியாத ஜனக்கூட்டம். மாற்கு இதை அடிக்கடி ஆள்வதைக் கவனித்து, ஒடுக்கப்பட்டவர்களின் கூட்டம் இது என்று வாசித்தவர் கொரியாவின் மிஞ்ஜுங் இறையியலாளர் ஆன் பியுங்மூ. தொழிலாளிகளின் போராட்டங்கள் நடந்த 1970களில் பிறந்த வாசிப்பு, நல்ல வாசிப்பு. அதே கூட்டம் பிலாத்துவின் முன் சிலுவையில் அறையச் சொல்லிக் கத்தியதை மட்டும் அதில் வைக்க இடம் தேடவேண்டும். எபேசுவில் அரங்கம் நிறையக் கூடி இரண்டு மணிநேரம் தங்கள் தேவிக்கு ஜே போட்டவர்களில் பெரும்பாலோருக்கு எதற்காகக் கூடினோம் என்றே தெரியாது என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. லூக்காவுக்கு நம் அரசியல் கூட்டங்கள் புதிதாக இருந்திருக்காது.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் தந்த இடத்தை இந்தப் பின்னணியில் பார்த்தால் வேறாகத் தெரிகிறது. மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல் இருந்ததால் இயேசு மனதுருகினார் என்பதை மென்மையான ஒரு படமாக வரைந்து மாட்டியிருக்கிறோம். அந்த உவமை முதல் ராஜாக்கள் 22இல் போர்க்களத்து உவமை. ராஜா விழுந்தபின் மலைகளில் சிதறும் படைக்குச் சொன்னது. மாற்கில் ஆண்கள் மட்டுமே எண்ணப்படுகிறார்கள். நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் பசும்புல்லில் உட்காருகிறார்கள். யோவானோ ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்: அவரைப் பலவந்தமாக ராஜாவாக்க வந்தார்கள். படையாவதற்கு ஓர் அங்குலம் பாக்கி. அவர் சாப்பாடு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே மலைக்குப் போய்விடுகிறார். இதற்கு முன் இப்படிச் செய்தவர் எலிசா. கண் மங்கிப் பிடிபட்ட சீரியப் படையை வெட்டட்டுமா என்று இஸ்ரவேலின் ராஜா ஆவலோடு கேட்டபோது, அப்பமும் தண்ணீரும் வை என்றார். பெரிய விருந்து, தின்றுவிட்டுத் தங்கள் ஆண்டவனிடத்துக்குப் போனார்கள்.

வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஒரு கணம் திரும்பவேண்டும். அந்த 20 கோடியின் தொகையை யோவான் காதால் கேட்கிறார். அதற்கு முன், 7ஆம் அதிகாரத்தில், முத்திரை போடப்பட்ட 1,44,000 பேரின் தொகையையும் கேட்கிறார். கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அங்கே நிற்பது ஒருவராலும் எண்ணக்கூடாத கூட்டம். அங்கே கேட்ட தொகையைக் கண்ட கூட்டம் மிஞ்சிவிடுகிறது. படைக்கு மட்டும் தொகை தொகையாகவே நிற்கிறது.

இனி நினிவே. சனகெரிப்பின் தலைநகரம், கி.மு. 612இல் விழுந்தது. யோனாவின் புத்தகம் அந்த வீழ்ச்சிக்கு வெகுகாலம் பின் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. லாகீசை மறக்காதவர்களின் பேரப்பிள்ளைகள் படித்த புத்தகம் என்று பொருள். நகரம் தப்பிப் பிழைத்த எரிச்சலில் யோனா ஊருக்குக் கிழக்கே, பட்டுப்போன ஆமணக்குச் செடியருகே உட்கார்ந்திருக்கிறார். கர்த்தர் அவரோடு வழக்காடுகிறார், ஒரு கணக்கும் சொல்கிறார். வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமான மனிதர்கள். மீதியானியரில் விழுந்தவர்களின் தொகை. ஆட்களை எண்ணி முடித்ததும், எண்ணாமல் விட்ட மிருகங்கள். பட்டகத்தில் சனகெரிப் இதே வரிசையில்தான் எழுதியிருந்தான்: ஆட்கள் இத்தனை பேர், ஆடுமாடுகளுக்குக் கணக்கில்லை. அவன் கொள்ளையைக் கணக்கிட்டான். இங்கே கணக்குச் சொல்கிறவர், இவர்களுக்காக நான் பரிதபிக்கவேண்டாமா என்று கேட்கிறார். யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை. புத்தகம் அந்தக் கேள்வியோடும் அந்த மாடுகளோடும் நின்றுவிடுகிறது.